சோற்றில் ஒரு கல்

ரசம் சோறு பாதி சாப்பிட்டாயிற்று. பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று வாய்க்குள் ‘நறுக்’. தாடை அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த கவளம் எடுத்த கை அந்தரத்தில் நிற்கிறது. முகம் கோணுகிறது. பிறகு நாக்கு தன் வேலையை ஆரம்பிக்கிறது. சோற்றையெல்லாம் ஒரு கன்னத்துக்குத் தள்ளி, பருக்கை பருக்கையாகத் துழாவி, ஆளைப் பிடித்து, உதட்டு விளிம்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. விரல் நுனியில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கல் கடுகில் கால்வாசிகூட இருக்காது.

கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்து, சமைத்தவரை ஒரு பார்வை பார்ப்பதோடு நாம் இதை மறந்துவிடுகிறோம். மறக்காமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். வாய்க்குள் கல் இருப்பதை முதலில் உணர்ந்தது யார்?

பல்தான் என்று சொல்லத் தோன்றும். பல்லின் எந்தப் பகுதி? கல்லின் மேல் மோதியது எனாமல். அதில் நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. நகத்தின் நுனியை வெட்டினால் நமக்குத் தெரிகிறதா? அதுபோலத்தான் இதுவும். சரி, பல்லின் நடுவே நரம்பு இருக்கிறதே, அதுவாக இருக்குமோ? ரூட் கேனால் செய்துகொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘நரம்பை எடுத்துவிட்டார்கள்’ என்று அவர் சொல்லும் அதே பல்லில் கல் கடிபட்டாலும் அவருக்கு அதே ‘நறுக்’தான், அதே முகக்கோணல்தான். உள்ளே நரம்பே இல்லாத பல் கல்லைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அப்படியானால் உணர்வு பல்லுக்குள் இல்லை. பல்லைச் சுற்றி இருக்கிறது.

சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் தாடையெலும்பில் இறுகி நிற்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். உண்மையில் பல் எலும்பைத் தொடுவதே இல்லை. வேருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான நார்கள். ஒரு முனை வேரின் மேல் பூசியிருக்கும் காரை போன்ற படலத்தில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்பில் புதைந்திருக்கும். மருத்துவ நூல்களில் இதற்கு நீளமான பெயர் உண்டு. நாம் பல்நார் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? எடை கீழ்நோக்கி அமுக்குகிறது, கயிறோ சட்டத்தை இழுக்கிறது. பல்லிலும் அதே கதைதான். முறுக்கைக் கடிக்கும்போது பல் கீழே அமுங்குகிறது, நார்கள் விறைத்து எலும்பை இழுக்கின்றன. கடைவாயில் ஓங்கிக் கடித்தால் ஐம்பது, அறுபது கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அதைத் தாங்குவது இந்தக் கட்டில்தான்.

கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பல்லை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எந்தப் பல் என்று தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து தட்டினீர்கள் என்பதும் தெரியும். நார்களுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் நரம்பு முனைகளின் வேலை அது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 20 மைக்ரான் கனமுள்ள தகடு சிக்கினாலே அவை கண்டுபிடித்துவிடும். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம் அது. கல் சிக்கியதும் அங்கிருந்து செய்தி மூளைத்தண்டுக்கு ஓடுகிறது. தாடையை மூடும் தசைகள் நொடியில் நூறில் ஓரிரு பங்குக்குள் தளர்ந்துவிடுகின்றன. ‘ஐயோ, கல்!’ என்று நாம் நினைப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. இந்த நரம்புகளில் ஒரு பகுதிக்கு விசித்திரமான தனிச்சிறப்பு உண்டு. உடலின் மற்ற தொடு நரம்புகளின் செல் உடல்கள் எல்லாம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சு முடிச்சாக உட்கார்ந்திருக்கும். தாடைத் தசைகளிலிருந்தும் பல்நாரிலிருந்தும் வரும் சில நரம்புகளுக்கு மட்டும் செல் உடல் மூளைத்தண்டுக்கு உள்ளேயே இருக்கிறது. கடிப்பதை மேற்பார்வை பார்க்க மூளை தன் ஆட்களை வீட்டுக்குள்ளேயே குடிவைத்திருக்கிறது.

பல்நாருக்கு இன்னும் சில கதைகள் உண்டு. அதன் நார்கள் கொல்லாஜென் என்ற புரதத்தால் ஆனவை, ஓயாமல் பழுதாகி ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை. புதுப்பிக்க வைட்டமின் சி வேண்டும். மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ பார்க்காத அந்தக் காலத்து மாலுமிகளுக்குப் பற்கள் ஆடி விழுந்ததற்குக் காரணம் இதுதான். பல்லில் கோளாறில்லை, கட்டில் கயிறுதான் இற்றுப்போனது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள்.

பல்லுக்குக் கிளிப் போடும் வைத்தியமும் இந்த நாரை நம்பித்தான் நடக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது அமுங்கும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பல் எலும்புக்குள் நடந்து போகிறது. கிரிக்கெட் பந்து பட்டு நிரந்தரப் பல் ஒன்று முழுதாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தால் வேரைத் தேய்த்துக் கழுவக்கூடாது என்று பல் மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். வேரில் ஒட்டியிருக்கும் நார்ச் செல்கள் உயிரோடிருந்தால் பல் மறுபடி பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்கி, லேசாக அலசி, குழியிலேயே பொருத்திவிட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு அரைமணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி அந்த உணர்ச்சியில்லாத எனாமலைப் பார்ப்போம். பாடநூல் அதைப் பற்சிப்பி என்கிறது. எடையில் சுமார் 96 சதவீதம் தாது. உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. கடிக்கும் முகடுகளில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடிமன், ஈறை நெருங்க நெருங்க மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். பல் ஈறுக்குள் இருக்கும்போதே இதைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். கட்டுவது ஒரு வரிசைச் செல்கள். சாணி மெழுகுபவர் வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே மெழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செல்களும் அப்படித்தான். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தாதுவைப் படியவிட்டபடியே பின்வாங்குகின்றன. ஒரு நாளைக்குச் சில மைக்ரான். பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எனாமல் உடைந்தால் கட்டித்தர ஆளில்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் மட்டும் போனால் போனதுதான்.

நாள்தோறும் படிந்த தடங்கள் எனாமலில் அப்படியே தங்கிவிடுகின்றன. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல நாள் கோடுகளை எண்ணலாம். பால்பற்களிலும் முதல் கடைவாய்ப்பல்லிலும் மற்றக் கோடுகளைவிட அழுத்தமாக ஒரு கோடு இருக்கும். அது குழந்தை பிறந்த நாள். தாயின் வயிற்றிலிருந்து வெளிக்காற்றுக்கு வந்த அதிர்ச்சியில் செல்கள் ஒரு கணம் தடுமாறிய தடம். பழைய புதைகுழிகளில் கிடைக்கும் சிசுக்களின் பல்லில் இந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, குழந்தை உயிரோடு பிறந்து சில நாட்களாவது வாழ்ந்ததா என்று சொல்ல ஆய்வாளர்களால் முடிகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனவர்கள் இந்தப் பதிவேட்டின் வேறொரு பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். சிரிக்கும்போது முன்பற்களில் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாகப் பட்டைகள். பல் துலக்காததால் வந்த கறை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், பாவம். அது ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த ஃபுளூரைடு. அந்த வட்டாரத்துப் பாறைகளிலிருந்து கரைந்து நீரில் கலப்பது. குழந்தை எனாமல் கட்டிக்கொண்டிருக்கும் வயதில், ஏறத்தாழ முதல் எட்டு ஆண்டுகளில், அளவு மீறிய ஃபுளூரைடு உள்ளே போனால் செல்களின் வேலை கெடுகிறது, பூச்சு முழுதாக இறுகுவதில்லை. பிறகு அதில் கறை ஏறுகிறது. எத்தனை பிரஷ் தேய்ந்தாலும் அது போகாது, ஏனென்றால் அது பல்லின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. முப்பது வயதில் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவருக்கு இந்தப் பட்டை விழாது. அவர் எனாமல் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதப்பட்ட அறிக்கை 1937இல் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து வந்தது. நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்கள்தான் அதில் பேசப்பட்டவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. அதே ஃபுளூரைடு மிகச் சிறிய அளவில் இருந்தால் எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதிப்படுத்துகிறது. பற்பசையில் அதைச் சேர்ப்பது அதற்காக. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை சரி, வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர அளவு.

எனாமலுக்கு அடியில் டென்டைன். பல்லின் பெரும்பகுதி அதுதான். லேசான மஞ்சள் நிறம். வயதாக ஆகப் பல் மஞ்சளிப்பதற்குக் காரணம், மேலே எனாமல் தேய்ந்து மெலிகிறது, கீழே டென்டைன் தடிக்கிறது. வெளுத்த வேட்டி நைந்தால் உள்ளே இருப்பது தெரிவதைப் போல. டென்டைனை நுண்ணோக்கியில் பார்த்தால் இடியாப்ப அச்சு போல ஒரே ஓட்டை. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள், ஒவ்வொன்றிலும் திரவம். ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துவிட்டால் ஐஸ்கிரீம் படும்போது உள்ளே இருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த நகர்வு குழாயின் அடியிலுள்ள நரம்பைச் சுண்டுகிறது. அதுதான் பல் கூச்சம். 1960களில் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் சோதனைகள் செய்து இந்த விளக்கத்தை நிலைநாட்டினார். கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசைகளில் பலவும் செய்வது இந்தக் குழாய்களின் வாயை அடைப்பதுதான்.

நடுவில் பற்கூழ். ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த இளஞ்சிவப்புச் சதை. வேரின் நுனியிலுள்ள ஊசித் துளை வழியாகத்தான் எல்லாம் உள்ளே வந்து போக வேண்டும். உடம்பில் வேறெங்கு அழற்சி வந்தாலும் வீங்க இடம் உண்டு. இங்கே சுற்றிலும் கெட்டிச் சுவர். வீங்க முடியாத வீக்கம் என்ன செய்யும்? இரவு பதினொரு மணிக்கு மேல் நம்மை உட்காரவைக்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக ஏறி வலி இன்னும் விண்ணென்று தெறிக்கும்.

எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. இரண்டு இரவு உட்கார்ந்தே கழித்துவிட்டு மருத்துவரிடம் போய் வலப்பக்க மேல்பல் ஒன்றைக் காட்டி, “இதுதான் டாக்டர், எடுத்துருங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் நன்றி. கண்ணாடிக் கைப்பிடியின் பின்முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். நான் காட்டிய பல் ஒன்றும் சொல்லவில்லை. குளிரூட்டிய பஞ்சை ஒற்றிக்கொண்டே வந்தார். கீழ்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டதும் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். “ஃபோர் சிக்ஸ்” என்றார் உதவியாளரிடம். பற்கூழின் நரம்புகளுக்கு வலிக்கத் தெரியும், விலாசம் சொல்லத் தெரியாது. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் ஒரே பெரிய நரம்பின் கிளைகள்தான் போகின்றன என்பதால் மூளை மேல்கீழ் குழம்பிவிடும். விலாசம் சொல்வது பல்நாரின் வேலை. நோய் வேர் நுனியைத் தாண்டி நாருக்கு வந்துசேர்ந்த பிறகுதான் ‘இந்தப் பல்’ என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

அந்த ‘ஃபோர் சிக்ஸ்’ நாற்பத்தாறாவது பல் அல்ல. வாயை நான்காகப் பிரித்து மேல்வலம் 1, மேல்இடம் 2, கீழ்இடம் 3, கீழ்வலம் 4 என்று எண் கொடுப்பார்கள். ஒவ்வொரு காற்பகுதியிலும் முன்னாலிருந்து பின்னால் எட்டுப் பற்கள். நான்காம் பகுதியில் ஆறாவது பல். ஒன்றும் இரண்டும் வெட்டுப்பற்கள், மூன்றாவது கோரைப்பல், நான்கும் ஐந்தும் முன்கடைவாய்ப்பற்கள், ஆறு முதல் எட்டு வரை பின்கடைவாய்ப்பற்கள். எட்டாவதுதான் ஞானப்பல். பலருக்கு அது இடமில்லாமல் சாய்ந்து முளைக்கும், சிலருக்கு முளைக்கவே முளைக்காது. அதனால் அவர்களுக்கு ஞானம் குறைந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் எண்ணுக்கு ஒரு வார்த்தை. மேல்வரிசைக் கோரைப்பல், சிங்கப்பல் என்று நாம் செல்லமாகச் சொல்வது, பதினொன்று பன்னிரண்டு வயதில்தான் இறங்கும். அதற்குள் இருபுறத்துப் பற்களும் வந்து உட்கார்ந்திருக்கும். பேருந்தில் கடைசியாக ஏறியவருக்கு இருக்கை கிடைப்பதைப் போலத்தான். இடமில்லாவிட்டால் வரிசைக்கு வெளியே, கொஞ்சம் மேலே நின்றுகொள்ளும். அதுதான் தெத்துப்பல். அதை அழகு என்று சொன்ன நம் ஊர் ரசனையோடு எனக்குச் சண்டையில்லை.

ஆறாம் எண்ணைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பால்பற்கள் இருபதுதான். ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்து, ‘விழப்போகிற பல்தானே’ என்று சொத்தையை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். என்னுடைய ‘ஃபோர் சிக்ஸ்’ அதுதான்.

பால்பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது வழக்கம். எறிவதற்கு முன் அந்தப் பல்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் வேரே இருக்காது. முளைத்தபோது நீளமான வேர் இருந்தது. கீழிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர, சில செல்கள் பால்பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றுவிடுகின்றன. கடைசியில் ஈறில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொப்பிதான் பாக்கி. வேலிக்கால் அடியில் கரையான் அரித்து மேல்பகுதி மட்டும் கம்பியில் தொங்குவது போல. அதனால்தான் பிள்ளைகள் நாக்காலேயே அதைச் சுழற்றிச் சுழற்றி விளையாட முடிகிறது.

பல்லோடு வாய் முடிந்துவிடவில்லை. கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப்போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினாலே உங்கள் காதுக்குக் கீழே ஏதோ பிசைகிறது. அங்கேதான் இருக்கிறது மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது. அதன் குழாய் கன்னத்தைத் துளைத்து, மேல்வரிசை ஏழாம் பல்லுக்கு எதிரே திறக்கிறது. நாக்கால் கன்னத்தின் உள்பக்கம் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும், அதுதான் வாசல். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குப் புளிப்பு பட்டால் உயிர் போவது, வீங்கிய இந்தச் சுரப்பி நீர் சுரக்கப் பிசைவதால். மற்ற இரண்டு ஜோடி கீழ்த்தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும். எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை.

அந்த நீர் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்தது. பல்லில் படியும் காரை கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கத்திலும் அதிகம் சேர்வது ஏன் என்று இப்போது ஊகித்துவிடலாம். குழாய் திறக்கும் இடங்கள் அவை. 1683இல் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி, தானே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துத் துள்ளித் திரியும் உயிர்களைக் கண்டு அசந்துபோனார். சொத்தையைச் செய்வது பல்லைக் குடையும் புழு அல்ல, அவர் பார்த்த வகை உயிரினங்கள். கண்டங்கத்திரி விதைப் புகை போட்டுப் பல்பூச்சியை வெளியேற்றிய நம் பாட்டன்மார் தேடிய பூச்சி கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அவை சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமில அளவுகோல் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. அரைமணி, ஒருமணி நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தை முறித்து, கரைந்த தாதுவில் ஒரு பங்கைத் திரும்பப் படியவைக்கிறது. தீபாவளிக்கு ஒரே மூச்சில் தின்ற பத்து லட்டைவிட, மணிக்கொருதரம் உறிஞ்சும் சர்க்கரைத் தேநீர் பல்லுக்குக் கெடுதல் என்பது இந்தக் கணக்கால்தான். உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை.

நாக்கு எலும்பில்லாத தசைக்கட்டு என்பது ஊரறிந்தது. அதன் சொரசொரப்புக்குக் காரணமான நூல் போன்ற மேடுகளுக்கு ருசியே தெரியாது. அவற்றுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவையும், அடிநாக்கில் கவிழ்த்துப் போட்ட வி வடிவில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பெரிய மேடுகளும் சுவைமொட்டுகளைச் சுமப்பவை. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த படத்தை மறந்துவிடலாம். 1901இல் ஒரு ஜெர்மானியர் அளந்து சொன்ன சிறிய வேறுபாடுகளைப் பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கிய படம் அது. நாக்கின் சுவை அறியும் பகுதிகள் எல்லாமே எல்லாச் சுவையையும் அறியும்.

நம் அறுசுவைக் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கையும் ஆய்வகம் ஒப்புக்கொள்கிறது. 1908இல் ஜப்பானின் இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக்காட்டிய உமாமியை ஐந்தாவதாகச் சேர்க்கிறது. கார்ப்பையும் துவர்ப்பையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மிளகாயின் காரம் பிடிப்பது சுவைமொட்டில் அல்ல, சூட்டை உணரும் வலி நரம்பில். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் அதே கதவை மிளகாயும் திறக்கிறது. அந்தக் கதவை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாவல்பழத்தின் துவர்ப்போ தொடு உணர்ச்சி. அதிலுள்ள டானின்கள் உமிழ்நீரின் வழவழப்பான புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகின்றன, நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. எனக்கு இதில் ஆய்வகத்தின் மேல் சின்ன மனத்தாங்கல் உண்டு. சாப்பிடுகிறவனுக்கு எந்த நரம்பு வழியாக வந்தால் என்ன?

வாயின் கூரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம், தமிழ் எழுத்து போதும். க என்று சொல்லுங்கள்: நாக்கின் அடி போய் மெல்லிய பின்அண்ணத்தைத் தொடுகிறது, உள்நாக்கு தொங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். ச: நடுநாக்கு நடுஅண்ணத்தில். ட: நுனி மேலே வளைந்து எலும்புக் கூரையைத் தொடுகிறது. த: மேல்பல்லின் பின்புறம். ப: உதடு. கடைசியில் வரும் ற ஒன்றை விட்டுவிட்டால், அரிச்சுவடியின் வல்லின வரிசை தொண்டையிலிருந்து வாசல்வரை ஒரு நடை. ண, ன, ந மூன்றையும் நிதானமாகச் சொன்னால் நுனிநாக்கு கூரையிலிருந்து பல்லின் அடிமேட்டுக்கும் அங்கிருந்து பல்லுக்கும் படியிறங்குவது தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ம சொல்லிப் பாருங்கள், வராது. மெல்லின எழுத்துகளுக்குப் பின்அண்ணம் திரைபோலத் தாழ்ந்து மூக்குக்கு வழிவிடுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் எட்டு இடங்களில் பல்லையும் இதழையும் நாவையும் அண்ணத்தையும் எண்ணி வைத்திருக்கிறது. வாயைப் பிளந்து பார்க்காமல், சொல்லிப் பார்த்தே எழுதிய உடற்கூறியல்.

என் பாட்டிக்கு எழுபது வயதில் த போய்விட்டது. தம்பி என்று கூப்பிட்டால் நாக்கு தொட வேண்டிய இடத்தில் பல் இல்லை, காற்றோடு ஒரு மழுங்கிய ஓசைதான் வரும். வெற்றிலையைச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் போட்டுக்கொள்வாள். கன்னம் ஒடுங்கி, மூக்கும் மோவாயும் கிட்டே வந்துவிட்டன. பல் போனால் பல்நார் போகிறது. கடிக்கும்போது எலும்பை இழுத்துக்கொண்டிருந்த கயிறு போனதும், தாடையெலும்பு தனக்கு இனி வேலையில்லை என்று கரைந்துபோகிறது. அப்பா பல்செட்டு கட்டிக் கொடுத்தார். த திரும்பி வந்தது. முறுக்கு ஓரளவுக்கு வந்தது. கல் மட்டும் தெரியவில்லை. செட்டு உட்காருவது ஈறின் தோல்மேல், நாரில் அல்ல. நுண்கல் கடிபட்டால் பாட்டி பாட்டுக்கு மென்று விழுங்கிவிடுவாள். பெரிய கல் ஒன்று ஒருநாள் செட்டின் ஓரத்தைப் பெயர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரிசி பொறுக்கும் வேலையை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குத் திண்ணை வெயிலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியை விரலால் மெல்லப் பரப்பிப் பரப்பித் தள்ளுவாள். கண் பார்வையும் அப்போது மங்கல்தான். ஆள்காட்டி விரல் ஒரு இடத்தில் நிற்கும். எடுத்து வெளியே போடுவாள், கல்.